தகர நாக்கு

கையூசிக்குக் காது தலையில்.
மிஷின் ஊசிக்கு நுனியில்.
ஒன்றரை இஞ்ச் இறங்கி வந்த
அந்தக் காதுக்காக
கடலுக்கு அந்தப்பக்கம்
வருஷக்கணக்காகக் கோர்ட் ஏறினார்களாம்.
முதலில் யோசித்தவன் எழுதிவைக்கவில்லை.
எழுதிவைத்தவனிடம் வாடகைக்குக் காசில்லை.
விற்கத் தெரிந்தவன் விற்றான்.
தொழில் கற்ற மதுரைக் கடையில் சொன்னார்கள்;
பாபினுக்கு எண்ணெய் விட்டபடி கேட்டேன்.
நமக்கும் அதில் ஒரு பங்கு வருமென்று
யார் கண்டது.

சங்கரன்கோவில், திருவேங்கடம் ரோடு,
பரமார்த்தலிங்கம் நைட்டி கம்பெனி.
பதினெட்டு மிஷின்.
தபசுக்கு முந்தி முடிக்கவேண்டிய ஆர்டர்.
கழுத்துப்பட்டி மடித்து மடித்து
எல்லோருக்கும் கட்டைவிரல் நகம் தேய்ந்த ஆடியில்
ஆவுடைத்தங்கம்
பிஸ்கட் டப்பா மூடியைக் கத்தரியால் வெட்டி,
ஓரத்தைக் கடைவாய்ப் பல்லில் கடித்து மடக்கி,
ஊசித் தட்டுக்கு முன்னால் திருகினாள்.

நாக்கு மாதிரி இருந்தது.
தட்டையாக நுழைந்த பட்டி
இரண்டாக மடிந்து
துணியின் விளிம்பைக் கவ்விக்கொண்டு வந்தது.
பிசிர் நூலை அறுத்தது. நான் அரம் போட்டேன்.
ஈயம் வைத்தேன்.
பித்தளையில் செய்தால் நிற்கும் என்று சொன்னேன்.
(சொன்னது ஒரு தடவை.
எனக்குள் சொல்லிக்கொண்டது
அதற்குப் பிறகு எத்தனையோ தடவை.)

நாற்பது உருப்படி அறுபத்தைந்தாயிற்று.
பதினெட்டு மிஷினுக்கும் பதினெட்டு நாக்கு.
உருப்படிக்கு நாலு ரூபாய்க் கூலி
மூன்றேகால் ஆயிற்று.
‘அதான் வேகமாப் போகுதுல்லா’ என்றார் முதலாளி.

பிறகு ஒரு ஃபாரம் கொண்டுவந்தார்.
‘டப்பா எனக்கு. மிஷின் எனக்கு.
கரண்ட் பில்லு எனக்கு.
படம் மட்டும் நீ போட்டுத் தாயேன்.’
கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில்
அவர் பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது,
இனிஷியல் இரண்டோடும்.
அளவெடுத்து வரைந்தேன்.
மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.
திருகின் தலையில், எறும்பளவுக்கு,
என் முதலெழுத்தைப் போட்டேன்.
அவள் எழுத்துக்கும் இடமிருந்தது.
போடவில்லை.

பொதிகையில் ஏறி கிண்டிக்குப் போனவர்
மூன்றாம் நாள் காலையில்
தையல் பிரித்த முகத்தோடு இறங்கினார்.
வக்கீல் சிரித்தாராம்.
இது நூறு வருஷத்துக்கும் முந்தின சரக்கு, அண்ணாச்சி,
பைண்டர் என்று பேர்,
படத்தோடு பதிவாகிக் கிடக்கிறது என்றாராம்.

மிஷின் எல்லாம் நின்றது.
எனக்கு வயிற்றில் என்னவோ இறங்கியது,
துக்கமா நிம்மதியா,
இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆவுடைத்தங்கம்தான் கேட்டாள்:
‘அந்த ஆளு பேரு என்ன?’
யாருக்கும் தெரியவில்லை.
‘அவனுக்கும் கூலியக் கொறச்சாகளாமா?’

அதற்கும் பதிலில்லை.
அவள் திருகைக் கழற்றினாள்.
நாக்கைத் துடைத்து
தூக்குச்சட்டிக்குள், ரசம் இருந்த தட்டுக்கு மேலே,
வைத்து மூடினாள்.
‘பழைய சரக்குன்னா கடையில கிடைக்கும்லா.
வாங்கிப் போடுங்க.’
பக்கத்து மிஷினில் இன்னொரு திருகு கிறீச்சிட்டது.
பிறகு எண்ணவில்லை.
சாயங்காலம் பதினெட்டு ஊசியும்
தத்தம் காதோடு
வெறுமனே நின்றன.

மறுநாள் பத்தேகாலுக்கு
மூன்று எழுபத்தைந்து என்றார்.
ஒரு தூக்குச்சட்டியும் திறக்கவில்லை.
மழை வருகிறதா என்று
ஜன்னலில் பார்ப்பதுபோல் நின்றார்.
பதினொன்றரைக்கு நாலு.

திரும்ப மாட்டித் தந்தது நான்தான், பதினேழை.
அவளுடையதற்குக் குனிந்தபோது
ஸ்க்ரூட்ரைவரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.
திருகை முடுக்குவதற்கு முன்
அதன் தலையை வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பி
எதையோ வாசிக்கிறவள்போலப் பார்த்தாள்.
படத்தை அவள் பார்த்திருக்க
வழியில்லை.